வலியைச் சொல்வது பொறுமையின்மை ஆகுமா?

 



நம் இல்லங்களில் ஒரு காட்சியை நீங்கள் அடிக்கடி கண்டிருப்பீர்கள். வயதான தாயார் பாயிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். இரண்டு அடி வைத்தபின் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடுகிறார். "என்னம்மா, வலிக்கிறதா?" என்று மகன் கேட்டால், "ஒன்றுமில்லை வாப்பா, அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வருகிறது. அந்தச் சொல்லில் உள்ள ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் அதே தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று வினவும்போதும் "ஒன்றுமில்லை, கொஞ்சம்தான்" என்றே பதில் வருமானால், அதைப் பொறுமை என்று சொல்ல இயலாது. நோயை மறைத்தால் வைத்தியம் எப்படி நடக்கும்?

வலியை வெளியே சொன்னால் ஸப்ரின் நன்மை போய்விடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். குறிப்பாகப் பெண்கள் அவ்வாறே வளர்க்கப்பட்டுள்ளனர். இந்த எண்ணம் மார்க்கத்தில் உள்ளதுதானா என்று பார்ப்போம்.

பொறுமைக்கு எடுத்துக்காட்டு யார் என்று கேட்டால் சிறு பிள்ளையும் ஐயூப் (அலை) அவர்களின் பெயரைச் சொல்லும். அந்த ஐயூப் நபி தம்மைத் துன்பம் தீண்டிவிட்டது என்று தம் இறைவனிடம் முறையிட்டதை அன்பியா அத்தியாயம் நமக்குக் கூறுகிறது. முறையிட்ட அவரையே, ஸாத் அத்தியாயத்தில், பொறுமையாளராகக் கண்டோம் என்று அல்லாஹ் புகழ்கிறான். ஆக, முறையீடும் பொறுமையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். அவருக்கு நிவாரணம் வழங்க நாடியபோது, காலால் தரையில் உதைக்குமாறும், அதில் வெளிப்பட்ட குளிர்ந்த நீரில் குளித்து, அதைப் பருகுமாறும் அல்லாஹ் கட்டளையிட்டான். எதுவுமே செய்யச் சொல்லாமல் குணப்படுத்த அவனால் முடியாதா? முடியும். எனினும் நோயாளியின் பங்குக்கு ஒரு செயலை வைத்தான்.

இது இறைவனிடம் சொன்னது. மனிதரிடம் சொல்லலாமா என்று கேட்பீர்களானால், அதற்கும் நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே சான்று உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் "என் தலையே!" என்று அரற்றியபோது, நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை, தமக்கும் தலைவலி இருப்பதையே பதிலாகச் சொன்னார்கள். கடுங்காய்ச்சலில் இருந்த நபியவர்களைத் தொட்டுப் பார்த்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம், உங்களில் இருவருக்கு ஏற்படும் அளவு தமக்குக் காய்ச்சல் ஏற்படுவதாக ஒளிவின்றி எடுத்துரைத்தார்கள். இவை இரண்டும் புகாரியில் பதிவாகியுள்ளன. அல்லாஹ்வின் தீர்ப்பை வெறுத்துப் புலம்புவது வேறு. வலிக்கிறது என்ற உண்மையைச் சொல்வது வேறு.

இனி, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட வலி எத்தகையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலில் முள் குத்தினால் வரும் வலி ஓர் எச்சரிக்கை மணி. முள்ளை எடுத்துவிட்டால் மணி நின்றுவிடும். ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்று தனியாக வகைப்படுத்துகின்றனர். மூட்டுத் தேய்மானம், இடுப்பு வலி, கழுத்து வலி, ஒற்றைத் தலைவலி, சர்க்கரை நோயால் பாதங்களில் ஏற்படும் எரிச்சல் போன்றவை இதில் அடங்கும். இதில் சிலருக்கு நெருப்பு அணைந்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நரம்புகளும் மூளையும் வலிக்குப் பழகிக் கூர்மையாகிவிடுவதால், சிறு அசைவும் பெரும் நோவாக உணரப்படும். உலகில் 2020ஆம் ஆண்டில் இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் மட்டும் சுமார் 61.9 கோடிப் பேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், குடும்பங்களில் நடக்கும் ஓர் அநீதி இங்கேதான் பிறக்கிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள். "ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக உள்ளது" என்று அறிக்கை வருகிறது. உடனே வீட்டில் பேச்சு மாறுகிறது. மருமகள் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார்கள். கிழவருக்குக் கவனிப்பு வேண்டும், அதனால்தான் இந்த முனகல் என்கிறார்கள். ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான். அதுபோலவே, எந்த வலியும் இல்லாத பலரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். ஆகவே ஸ்கேன் படம் மட்டுமே தீர்ப்பு அல்ல. படத்தில் இல்லை என்பதற்காக ஒரு முஃமினான பெண்ணைப் பொய்யர் ஆக்குவது பெரும் பாவம். கணவன்மார்களே, மாமியார்களே, இதை உங்களுக்கே சொல்கிறேன்.

பேச்சு அடுத்து கண்ணேறுக்கும் ஜின்னுக்கும் போகும். கண்ணேறு உண்மை என்பதை ஹதீஸ் கூறுகிறது. ஓதிப் பார்ப்பதும் ஷிர்க் கலவாதிருக்கும் வரை ஆகுமானதே. ஆனால் நான்கு வருட மூட்டுவலிக்குச் செய்வினை என்று பெயர் சூட்டி, ஆயிரக்கணக்கில் பணம் பறித்து, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆசாமிகளிடம் நம் பெண்களை அழைத்துச் செல்வதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். தமது முபாரக்கான கையை அவருடைய நெஞ்சில் வைத்தார்கள். அந்தக் கரத்தின் பரக்கத்தைவிடப் பெரிய பரக்கத் உண்டா? அப்படியிருந்தும், தகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லுமாறு சொன்னதாக அபூதாவூதின் அறிவிப்பு கூறுகிறது.

மருத்துவரிடம் செல்லும்போது வலியைச் சரியாக விவரிப்பதும் ஒரு கலை. இப்னு ஸீனா தமது அல்கானூன் நூலில் வலியைப் பதினைந்து வகைகளாகப் பிரித்துள்ளார். குத்துவது, துளைப்பது, அழுத்துவது, கனப்பது, மரத்துப்போவது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறார்கள்! நாமோ "மேலெல்லாம் வலி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பு வலியைச் சுட்டலாம். காலையில் எழுந்ததும் நெடுநேரம் மூட்டுகள் இறுகியிருப்பது வாத நோயைச் சுட்டலாம். மருந்து இதைப் பொறுத்தே மாறுகிறது.

மருந்து என்றதும் மெடிக்கல் கடையின் நினைவு வருகிறது. சீட்டு இல்லாமலேயே டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை அட்டை அட்டையாக வாங்கி விழுங்குவது நம்மிடையே பெரும் வழக்கமாகிவிட்டது. இவை குறுகிய காலத்திற்கு நல்ல பலன் தருபவை. இவற்றைக் குறை கூறவில்லை. ஆனால் மாதக்கணக்கில், கேட்பாரின்றி உட்கொண்டால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படலாம், சிறுநீரகம் பழுதடையலாம், இரத்த அழுத்தம் கூடி, இதயத்திற்கும் கேடு வரலாம். ஏற்கனவே சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாராசிட்டமால் இவற்றைவிடப் பாதுகாப்பானது என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோயாளிக்கு அந்த எல்லை இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் அதே மருந்து ஒளிந்திருக்கும் என்பதை மறவாதீர்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நரம்பு வலிக்கும் நாள்பட்ட தலைவலிக்கும் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸ்டின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தருவார். படித்த பேரன் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது மனநோய் மாத்திரை" என்பான். அன்றோடு மாத்திரை குப்பைக்குப் போகும். அவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவைதாம். அத்துடன் நரம்புகளின் வழியே வலி கடத்தப்படுவதையும் தணிப்பவை. சில வாரங்கள் சென்றபின்பே பலன் தெரியும். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் திரும்பிச் சென்று கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படாத நாள்பட்ட இடுப்பு வலிக்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. முறையான உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், உளவியல் ஆலோசனை, மசாஜ், ஊசி குத்தும் அக்குபங்சர் முறை ஆகியவற்றுக்கெல்லாம் அதில் இடமுண்டு. நம் ஊர்களில் தாராளமாக மாட்டிவிடப்படும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்று அது கூறுகிறது. படுத்தே கிடந்தால் இடுப்பு வலி குணமாகும் என்ற பழைய எண்ணமும் இன்று கைவிடப்பட்டுவிட்டது. இயன்ற அளவு நடமாட வேண்டும். (தொழுகையே சிறந்த உடற்பயிற்சி என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொழுகை அல்லாஹ்வுக்கான வணக்கம். பிசியோதெரபி கற்றவர் சொல்லித்தரும் பயிற்சியைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.) தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உள்ளது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பு வலியோடு கால் பலவீனமடைந்தாலோ, சிறுநீர், மலத்தின் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ சேர்ந்தாலோ, எந்தத் தைலமும் பூசிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இனி, கருஞ்சீரகம், தேன், ஹிஜாமா ஆகியவற்றுக்கு வருவோம். இவை நபிமொழிகளில் சிறப்பித்துக் கூறப்பட்டவை. அவற்றில் நம் நம்பிக்கை அசையாதது. ஆனால் அந்த நபிமொழிகளை நம் முன்னோர்களான இமாம்கள் எவ்வாறு விளங்கினார்கள் என்பதையும் அறிய வேண்டாமா? கருஞ்சீரகம் பற்றிய பொதுவான சொல், குறிப்பிட்ட வகை நோய்களையே கருதுகிறது என்று இமாம் கத்தாபி விளக்கமளித்துள்ளார்கள். வயிற்றுப்போக்கால் அவதியுற்ற தம் சகோதரருக்காக வந்தவரிடம் மீண்டும் மீண்டும் தேன் புகட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸை விளக்கும் இப்னுல் கையிம், நோய்க்கு ஏற்ற அளவில் மருந்து சேர வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். ஆக, அளவும் ஆளும் நோயும் பார்த்தே எந்த மருந்தும். சர்க்கரை நோயாளி கரண்டி கரண்டியாகத் தேன் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கருஞ்சீரகம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கக்கூடியது. அதற்கான மாத்திரைகளோடு அளவின்றிச் சேர்த்தால் மயக்கம் வரலாம்.

ஹிஜாமாவால் கழுத்து, முதுகு வலி சில காலம் தணிவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. செய்துகொள்ள விரும்புவோர் தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் யாரிடம்? இரண்டு நாள் பயிற்சி பெற்றுவிட்டு, திருமண மண்டபத்தில் வரிசையாக உட்கார வைத்துக் கீறுபவரிடமா? கத்தியும் கோப்பையும் ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலையின் பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் பரவும். இரத்தச் சோகை உள்ளவர்களும், வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் தம் மருத்துவரைக் கேட்காமல் நெருங்கவே கூடாது. ஹிஜாமா, தல்க் எனப்படும் பிடித்துவிடுதல் போன்றவை யூனானி மருத்துவத்தில் இலாஜ் பித் தத்பீர் என்ற பிரிவாகவே கற்பிக்கப்படுகின்றன. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி உள்ளது. பட்டம் பெற்ற ஹகீம்கள் இருக்க, பட்டமற்றவரை ஏன் நாட வேண்டும்? மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்தால் விளையும் கேட்டிற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் நபிமொழி உள்ளது.

பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். இரண்டே நாளில் அற்புதமாக வலி பறந்துவிட்டதென்றால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். இத்தகைய பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. முகம் உப்பும், சர்க்கரை எகிறும், எலும்பு பலவீனமாகும். நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. மருத்துவரின் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இதனால் சித்தா, யூனானி, ஆயுர்வேதம் யாவும் தீயவை என்றாகிவிடாது. உரிமம் பெற்ற மருந்தை, பதிவு பெற்ற வைத்தியரிடமிருந்து பெறுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

இரண்டு வைத்தியமும் ஒரே நேரத்தில் செய்பவர்கள் நம்மில் ஏராளம். அது தவறன்று. இவரிடம் போனதை அவரிடம் மறைப்பதுதான் தவறு. டாக்டர் திட்டுவார் என்று கஷாயத்தை மறைக்கிறோம். ஹகீம் வருந்துவார் என்று மாத்திரையை மறைக்கிறோம். ஒரு காகிதத்தில், உட்கொள்ளும் அனைத்தையும், எண்ணெய், லேகியம் உட்பட, எழுதிக்கொண்டு போய் இருவரிடமும் நீட்டுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வலியுள்ளவரின் வணக்கம் குறித்தும் சில சொற்கள். மூலநோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றி வினவியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இது புகாரியில் உள்ளது. பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவரை ஏளனமாகப் பார்க்கும் இளைஞர்களே, உங்கள் கண்களைத் தாழ்த்துங்கள். நாற்காலியில் அமர்வோர், தம்மால் எந்த நிலை இயலும், எது இயலாது என்பதைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு அதன்படி தொழ வேண்டும். நோன்பிலும் இவ்வாறே. ஷஃபானிலேயே மருத்துவரைக் கண்டு, மாத்திரையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற இயலுமா என்று கேளுங்கள். மேலே பூசும் தைலத்தால் நோன்பு முறியாது. நோன்பு நோற்பது நோயைக் கூட்டும் என்றால் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கையற்ற நோயாளி ஃபித்யா கொடுப்பார். தலையில் காயம்பட்ட ஒரு தோழருக்குச் சலுகை இல்லை என்று உடன் வந்தோர் சொல்ல, அவர் குளித்து, அதனால் இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். அறியாமல் ஃபத்வா கொடுக்கும் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஹதீஸைப் படிக்க வேண்டும்.

புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வரும் வலி தனி வகை. அதற்கு மார்பின் போன்ற மருந்தே தீர்வாக அமையும். "போதைப்பொருள் ஆயிற்றே, ஹராம் அல்லவா?" என்று மறுத்துவிட்டு, தந்தை இரவெல்லாம் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. வேறு மருந்தால் தணியாத வலிக்கு, நம்பகமான மருத்துவர் அளவறிந்து தரும்போது, அது நிர்ப்பந்தத்தின் சட்டத்தில் வரும்; அனுமதி உண்டு என்றே தற்கால ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் கூறுகின்றனர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் மருத்துவமனைகளே மார்பினை வைத்திருக்கத் தயங்கிய காலம் இருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று எளிதாக்கப்பட்டது. இதைக் காட்டி, இடுப்பு வலிக்கு டிரமடால் மாத்திரையைத் திருட்டுத்தனமாக வாங்கிப் பழகுவோருக்கு எந்தச் சலுகையும் இல்லை. 2018 முதல் அதுவும் அதே சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரது தோழர்களும் வலி தணிப்பு மருத்துவத்திற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அது பரவி, முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் மலப்புறத்தில், சாதாரண மக்களே பயிற்சி பெற்ற தொண்டர்களாகி, நோயாளியின் வீடு தேடிச் செல்லும் அமைப்பாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. நம் ஜமாஅத்துகளால் இது இயலாதா? மஹல்லாவில் படுக்கையில் கிடப்போர் எத்தனை பேர் என்ற கணக்காவது நம்மிடம் உண்டா? பைத்துல்மாலில் பணம் இருக்கிறது. மாலையில் பள்ளிவாசல் திண்ணையில் பொழுது போக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் ஒரு வீட்டிற்குச் சென்று, பெரியவரைத் திரும்பப் படுக்க வைத்து, அவர் சொல்வதை அரைமணி நேரம் காது கொடுத்துக் கேட்டு வந்தாலே போதும், தொடங்கிவிடலாம்.

இஸ்லாத்தைத் தழுவிய நாளிலிருந்தே உடலில் ஒரு வலி இருந்துவருவதாக உஸ்மான் பின் அபில்ஆஸ் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, வலிக்கும் இடத்தில் கையை வைத்து, மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, ஏழு முறை பாதுகாவல் தேடும் துஆவை ஓதுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். முஸ்லிமில் உள்ளது. அந்த துஆ தெரியாதவர்கள் தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு மனனம் செய்துகொள்ளுங்கள். இன்றிரவு மாத்திரையைப் போட்ட பின், உங்கள் தாயாரின் முழங்காலில் உங்கள் கையை வைத்து நீங்களே ஓதுங்கள்.

யா அல்லாஹ்! இதைப் படிக்கும் வீடுகளில் உறக்கமின்றித் தவிப்போரின் நோவைத் தணிப்பாயாக! அவர்களைப் பராமரிப்போரின் கைகளுக்கு வலிமையைத் தருவாயாக! ஆமீன்.